எந்த விடுதி நல்லது?

(நமது கல்லூரியின் நூற்றாண்டையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் கண்டியில் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான நமது மாணவிகளும் அவர்களின் பெற்றோரும் இதில் கலந்துகொண்டனர்.)



பேராதனையில் படித்து, இப்போது கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் வேலை செய்யும் பழைய மாணவிகள் சார்பில் பேசும்படி சங்கம் பணித்தது. ஆகவே இந்த உரையில் வரும் ‘நாங்கள்’ ஒரு ஆள் அல்ல. எங்களில் வைத்தியர்கள் இருக்கிறோம், பொறியியலாளர் இருக்கிறார், விவசாயத் திணைக்களத்தில் வேலை செய்பவர் இருக்கிறார். பேசுவதற்கு முன் எல்லோரையும் கேட்டுத்தான் இதை எழுதினோம். எல்லாவற்றிலும் ஒத்த கருத்து இருக்கவில்லை. ஆனால் முக்கியமான இடத்தில் ஒத்துப்போனோம்.

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பேராதனை என்று உறுதியானதும் எங்களுக்குத் தொலைபேசி வரத் தொடங்கும். வாழ்த்துச் சொல்லி முடிவதற்குள் அம்மாமார் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “பிள்ளைக்கு எந்த விடுதி நல்லது? ஹில்டாவா, சங்கமித்தாவா?” இந்த முறை அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. நூற்றாண்டு நிதியில் பேராதனைக்குக் கிட்ட ஒரு வீட்டை எடுத்து, நமது பிள்ளைகளை முதலாம் ஆண்டிலிருந்தே ஒன்றாக வைத்திருக்கலாம் என்று ஒரு யோசனை சங்கத்தின் முன் இருக்கிறது. இரண்டும் ஒரே கேள்வி என்பது எங்கள் எண்ணம். அதற்கான பதிலைத்தான் சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில் நேரான பதில். விடுதியின் பெயரைத் தெரிவுசெய்வது பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை, தங்கைமாரே. விண்ணப்பப் படிவத்தில் வீட்டின் தூரம், குடும்ப வருமானம் போன்றவற்றைக் கேட்பார்கள். அவற்றைப் பார்த்துப் பல்கலைக்கழகம் பங்கிடும். பொதுவாக முதலாம் ஆண்டினருக்கும் இறுதியாண்டினருக்கும் முன்னுரிமை உண்டு. பிறகு ஒரு பட்டியல் வரும். அதில் உங்கள் பெயருக்கு நேரே ஒரு விடுதியின் பெயர் இருக்கும். சங்கமித்தா என்றால் ஏற்றம் ஏற வேண்டும், கால் பலப்படும். அவ்வளவுதான் வித்தியாசம் என்று நாங்கள் பகிடியாகச் சொல்வதுண்டு.

அப்படியானால் தெரிவு என்று ஒன்றும் இல்லையா? இருக்கிறது, மூன்று. கிடைத்த விடுதியை ஏற்பதா, வெளியில் அறை எடுப்பதா என்பது முதலாவது. விடுதிக்குப் போனபின் பட்டியலில் போட்ட அறையிலேயே இருப்பதா, கேட்டு மாறி நமது ஊர்ப் பிள்ளைகளோடு சேர்வதா என்பது இரண்டாவது. அறைக் கதவைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா என்பது மூன்றாவது. ஐந்து வருடப் படிப்பில் எங்களுக்குக் கிடைத்தவற்றில் பாதி இந்த மூன்றிலும்தான் தங்கியிருந்தது.

இதை விளங்கிக்கொள்ள, பேராதனை ஏன் விடுதிகளோடு கட்டப்பட்டது என்பதை அறிந்திருப்பது நல்லது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கியது. அதற்கு முன்னரே, பல்கலைக்கழகம் கொழும்பில் அமைய வேண்டுமா கண்டியில் அமைய வேண்டுமா என்று பல ஆண்டுகள் வாதம் நடந்தது. கண்டிப் பக்கம் வென்றதற்குக் காரணம் மலையழகு மட்டுமல்ல. மாணவர் வீட்டிலிருந்து வந்து படித்துவிட்டு வீட்டுக்குப் போகும் இடமாக இல்லாமல், ஒன்றாக வாழ்ந்து படிக்கும் இடமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. முதல் துணைவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் அந்த எண்ணத்தை விடாமல் பிடித்தார். 1952இல் பல்கலைக்கழகம் மகாவலிக் கரைக்கு வந்தது. 1954 ஏப்பிரல் 20ஆம் திகதி எலிசபெத் மகாராணியின் முன்னிலையில் எடின்பரோ கோமகன் முறைப்படி திறந்துவைத்தார். விரிவுரை மண்டபங்களுக்குக் கொடுத்த அதே கவனத்தை விடுதிகளுக்கும் கொடுத்துக் கட்டியிருப்பதை இன்றும் கலஹா வீதியால் நடந்தால் காணலாம்.

அந்த விடுதிகளின் பெயர்களை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அருணாசலம், இராமநாதன், ஜயதிலக, ஜேம்ஸ் பீரிஸ், மார்க்கஸ் பெர்னாண்டோ, அக்பர், நெல், மார்ஸ், ஹில்டா ஒபயசேகர, சங்கமித்தா. தமிழர், சிங்களவர், மலாயர், பறங்கியர், ஆங்கிலேயர் எல்லோரும் அந்தப் பெயர்ப்பலகைகளில் இருக்கிறார்கள். 1906இலேயே இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று சங்கம் அமைத்துப் பாடுபட்டவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அவருடைய அண்ணன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கு ஒரு கல்லூரியைத் தந்தவர். அதே இராமநாதன் 1920களின் கடைசியில் டொனமூர் ஆணைக்குழுவின் முன் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று வாதாடினார். இன்று இராமநாதன் விடுதி பெண்கள் விடுதி. அங்கிருந்து புறப்பட்டுப் போய்ப் பெண்கள் வாக்களிக்கிறார்கள். நாட்டின் பல்கலைக்கழகங்களில் படிப்போரில் பாதிக்கு மேல் இன்று பெண்கள்தான் என்பதை அவர் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது.

பெயர்ப்பலகை ஒன்று சொல்ல, உள்ளே வேறொன்று நடந்த காலமும் உண்டு. அதை மறைத்துப் பேசினால் இந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கும் அக்காமார் எங்களை மன்னிக்க மாட்டார்கள். 1983 மே மாதத்தில் பேராதனையில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு விடுதிகளை விட்டு ஓடவேண்டி வந்தது. யூலைக்கு முன்பே அவர்களுக்கு யூலை வந்துவிட்டது. “நம்முடைய பிள்ளைகள் நம்மோடு இருக்கட்டும்” என்று இன்று ஒரு அம்மா சொன்னால், அந்தப் பயம் வெறும் கற்பனையில் பிறந்ததல்ல. அதை நாங்கள் மதிக்கிறோம்.

இன்னொரு பயம் பகிடிவதை. 1975இல் விவசாய பீடத்து மாணவி ஒருவர் பகிடிவதைக்குத் தப்ப இராமநாதன் விடுதியின் மாடியிலிருந்து குதித்து, முதுகெலும்பு பாதிக்கப்பட்டு, எழுந்து நடக்க முடியாதவரானார். 1997இல் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்விக்கப்பட்டு, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அதன் பின்னர்தான் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு ஆண்டு வரையும், கடுங்காயம் அல்லது பாலியல் தொந்தரவு நேர்ந்தால் பத்து ஆண்டு வரையும் மறியல் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. தங்கைமாரே, இந்தச் சட்டத்தின் இலக்கத்தை மனப்பாடம் செய்து கொள்ளுங்கள். சொல்லத் தெரிந்தவளைத் தொடத் தயங்குவார்கள்.

வைத்தியர்களாக இதில் ஒரு விடயம் சொல்ல வேண்டும். பழக்கமில்லாத உடம்பை நூற்றுக்கணக்கான தடவை இருந்து எழும்ப வைத்தால் தசைகள் சிதையும். சிதைந்த தசையிலிருந்து இரத்தத்தில் கலப்பது சிறுநீரகத்தை அடைக்கும். உடம்பு கடுமையாக நோகும், சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போகும். அப்படிக் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். யாருக்கும் பயப்படவும் வேண்டாம். அந்த இரவே பேராதனைப் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். நேரத்தோடு சேலைன் ஏற்றினால் அநேகமாகக் காப்பாற்றிவிடலாம். உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்து அறைப் பிள்ளைக்கும், தம்பிமாருக்கும் இது பொருந்தும்.

ஆனால் இந்த இரண்டு பயங்களும் சேர்ந்து நம்மை எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்று பாருங்கள். தமிழ் மாணவரைப் பகிடிவதை செய்வோர் பெரும்பாலும் தமிழ்ச் சீனியர்களே. இங்கு படித்த எல்லோருக்கும் இது தெரியும், மேடையில் சொல்வதில்லை. “நாங்கள் உங்கட ஆட்கள், உங்களுக்கு நாங்கள்தான் பாதுகாப்பு” என்றுதான் தொடங்குவார்கள். விடுதியில் பொறுப்பாளர் இருக்கிறார், உப பொறுப்பாளர் இருக்கிறார், காவலாளி இருக்கிறார், முறைப்பாடு எழுத ஒரு இடம் இருக்கிறது. வாடகை வீட்டின் முன் அறையில் இரவு எட்டு மணிக்கு என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க யாரும் இல்லை. நம்முடைய ஆட்கள் மட்டும் இருக்கும் வீடு தானாகவே பாதுகாப்பான வீடாகிவிடாது.

எங்கள் காலத்தை எடுத்துக்கொள்வோம். 2001இல் நமது கல்லூரியிலிருந்து பேராதனைக்கு வந்தவர்கள் ஐந்து பேர். யாழ்ப்பாணத்தில் அந்த வீதிக்குக் கண்டி வீதி என்றுதான் பெயர், ஆனால் அந்த வீதியால் கண்டிக்குப் போக முடியாத காலம். கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் தம்புள்ளை, மாத்தளை தாண்டிக் கண்டிக்கு வந்தோம். ஐவரில் மூவர் விடுதியை ஏற்றோம். இருவர் கண்டி நகரில் தெரிந்தவர்கள் மூலம் கிடைத்த வீட்டில் அறை எடுத்தோம்.

நகரில் இருந்தவர்களுக்கு வீட்டுக்காரர் நல்லவர், சாப்பாடு நல்லது, கோயில் கிட்ட. ஆனால் வடக்கிலிருந்து வந்தவர்கள் வெளியில் தங்கினால் பொலிஸில் பதிய வேண்டும். யார் எப்போது வந்து கேட்டாலும் வீட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டும். கண்டியிலிருந்து பேராதனை ஆறு கிலோமீற்றர்தான், ஆனால் காலையில் கெட்டம்பே தாண்டும் வரை பஸ் ஊர்ந்துதான் போகும். மாலையில் இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும். அதனால் அவர்கள் இழந்தது குப்பி. குப்பி என்றால் இங்குள்ள அம்மாமாருக்கு விளங்காது. குப்பி விளக்கின் வெளிச்சத்தில் கூடிப் படிப்பதைப் போல, விளங்கினவர் விளங்காதவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு அது. சோதனைக் காலத்தில் இரவு பத்து மணிக்கு விடுதியின் பொது அறையில் நடக்கும். உடற்கூற்றியலில் கை நரம்புகள் எங்கே பிரிகின்றன என்று தேங்காய்த் தும்பை வைத்துக் காட்டிய அக்கா ஒருவர் இருந்தார். அதை எந்தப் புத்தகத்திலும் அப்படி விளங்கிக்கொள்ள முடியாது. நகரில் இருந்தவர்களும் பிறகு நன்றாகத்தான் சித்தியடைந்தார்கள், இன்று அவர்களும் எங்களோடு இந்த வரிசையில் இருக்கிறார்கள். தங்கைமாருக்கு என்ன சொல்வது என்று கேட்டபோது முதலில் “விடுதி” என்று சொன்னவர்கள் அவர்கள்தான்.

விடுதியில் எங்களுக்குக் கிடைத்த அறைகளில் ஒன்றைச் சொல்கிறோம். மூன்று பேர். ஒருவர் நமது கல்லூரி. ஒருவர் ஹற்றன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவர், அந்தத் தோட்டத்திலிருந்து மருத்துவ பீடத்துக்கு வந்த முதல் பெண். மற்றவர் குருநாகலைச் சேர்ந்த சிங்களப் பிள்ளை. அவருடைய அண்ணன் இராணுவத்தில், அதுவும் எங்கள் குடாநாட்டில் கடமையில். முதல் வாரத்தில் அது தெரிந்ததும் அறை மாறச் சொல்லி எங்கள் சீனியர்கள் சிலர் சொன்னார்கள். குருநாகல் பிள்ளைக்கும் அவருடைய பக்கத்தில் யாரோ அதையே சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரும் மாறவில்லை. மாறுவதற்குப் படிவம் நிரப்ப வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், அந்தக் கிழமை உடற்கூற்றியல் சோதனை இருந்தது. பெரிய இலட்சியம் ஒன்றும் இல்லை.

2001 ஏப்பிரல் கடைசியில் முகமாலைப் பக்கம் பெரிய சண்டை தொடங்கியது. அந்த அறையில் ஒரே ஒரு சிறிய வானொலி. ஒருவர் அம்மா அப்பாவை நினைத்துப் பயந்தார், மற்றவர் அண்ணனை நினைத்துப் பயந்தார். செய்தி ஒன்று, பயம் இரண்டு. ஹற்றன் பிள்ளை இருவருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு நடுவில் இருந்தார். மூன்றாம் நாள் குருநாகலில் இருந்து தகவல் வந்தது, அண்ணன் உயிரோடு இருக்கிறார். அதற்கு இரண்டு நாள் கழித்து எங்கள் பக்கத்துத் தகவல் வந்தது. அந்த ஐந்து நாளும் எங்கள் ஆட்கள் மட்டும் இருந்த அறையில் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடிய உலகம் பாதிதான். அரசியலில் நாங்கள் அவரோடு ஒத்துப்போகவில்லை, அவர் எங்களோடு ஒத்துப்போகவில்லை, இன்றும் பல விடயங்களில் அப்படித்தான். 2002 ஏப்பிரலில் ஏ9 வீதி திறந்தது. அந்த விடுமுறையில் அவருடைய வீட்டார் நயினாதீவு விகாரைக்கு வந்தபோது எங்கள் வீட்டில் வந்து ஒடியல் கூழ் குடித்தார்கள். உறைப்புத் தாங்காமல் அவருடைய அம்மா கண்ணைத் துடைத்ததை எங்கள் வீட்டில் இப்போதும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, எல்லா அறையும் இப்படித்தான் அமையும் என்று நினைக்க வேண்டாம். சண்டை பிடித்த அறைகள் இருந்தன. மின்விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பது, யார் கூட்டுவது, யாருடைய வாளி என்பதில் வந்த சண்டைகள்தான் அதிகம். இனத்தால் வந்ததைவிட வாளியால் வந்தது கூட.

இப்போது தொழில் பக்கம். மூன்றாம் ஆண்டில் மருத்துவ மாணவர் நோயாளர் விடுதிக்குப் போக வேண்டும். பேராதனை, கண்டி வைத்தியசாலைகளில் கட்டிலில் இருப்போரில் மிகப் பெரும்பாலானோர் சிங்களம் பேசுவோர். புத்தகம் ஆங்கிலத்தில், வாய் தமிழில், நோயாளி சிங்களத்தில். “கொஹெத ரிதென்னே?” எங்கே நோகிறது என்ற அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் வைத்தியம் தொடங்குகிறது. அதைக் கேட்கத் தெரிந்தால் போதாது, வரும் பதிலும் விளங்க வேண்டும். ஒரு வயோதிபத் தாய் தன் நெஞ்சு எரிவை எந்தச் சொல்லால் சொல்வார் என்பதை வகுப்பில் படிக்க முடியாது. அறையில் கூட இருந்தவர் காய்ச்சலில் படுத்து முனகியபோது கேட்ட சொற்கள்தான் எங்களுக்கு உதவின. இன்று எல்லாத் துறையினருக்கும் இது பொருந்தும். 2007 யூலை முதலாம் திகதிக்குப் பின் அரச சேவையில் சேருவோர் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்பது சுற்றறிக்கை. வேலையில் சேர்ந்த பிறகு புத்தகம் வாங்கி ஓடித் திரிவதைவிட, முதலாம் ஆண்டில் பக்கத்துக் கட்டிலில் இலவசமாகக் கிடைக்கும்போது பெற்றுக்கொள்வது நல்லது.

தமிழிலும் எங்களுக்குப் பாடம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய். தோட்டத்திலிருந்து வந்த ஒரு அம்மாவிடம் “என்ன வருத்தம்?” என்று கேட்டால், மகன் கொழும்புக்கு வேலைக்குப் போய்ப் பணம் அனுப்பாததைச் சொல்லக்கூடும். அவருக்கு அது மனவருத்தம். “உடம்புக்கு என்ன பண்ணுது?” என்று கேட்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர் ஹற்றன் பிள்ளை. கண்டியைச் சுற்றியுள்ள வைத்தியசாலைகளுக்கு வரும் தமிழ் நோயாளரில் பெரும்பாலோர் மலையகத்தவர்தான். அவர்களுக்கும் நமக்கும் ஒரே மொழி என்று நினைத்துக்கொண்டு போய் நின்றால், சிங்கள நோயாளியிடம் தடுமாறுவதைவிட மோசமாகத் தடுமாறுவோம். ஏனென்றால் அங்கே தடுமாறுகிறோம் என்பதே நமக்குத் தெரியாது.

‘நமது பிள்ளைகளுக்கு ஒரு வீடு’ என்று சொல்லும்போது எங்களுக்கு உறுத்துவது இதுதான். அந்த ‘நமது’ என்ற சொல்லுக்குள் யார் யார் வருவார்கள்? ஹற்றன் பிள்ளை வருவாரா? அடுத்த அறையில் இருந்து நோன்பு காலத்தில் அதிகாலை நான்கு மணிக்கு எழும்பி, சத்தம் போடாமல் சாப்பிட்டுவிட்டு, அப்படியே எங்களையும் சோதனைக்கு எழுப்பிவிட்ட கிண்ணியாப் பிள்ளை வருவாரா? நூறு ஆண்டுகளாக நமது கல்லூரியின் வாசலில் யாருக்கும் தடை இருக்கவில்லை என்று இந்த மலரிலேயே பெருமையாக எழுதுகிறோம். அந்தப் பெருமையை எடுத்துக்கொண்டு பேராதனைக்கு வந்து ஒரு மதில் கட்டலாமா?

ஆகவே தங்கைமாருக்கு எங்கள் ஆலோசனை இது. விடுதி கிடைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். பட்டியலில் எந்த அறை வருகிறதோ அந்த அறையில் ஒரு வருடம் இருந்து பாருங்கள். முதல் மூன்று மாதம் வீட்டு நினைவு கடுமையாக இருக்கும், அது நோயல்ல. நித்திரை வராமல், சாப்பிட மனமில்லாமல், வகுப்புக்குப் போகாமல் இரண்டு கிழமைக்கு மேல் போனால் அப்போது சொல்லுங்கள். பல்கலைக்கழக வைத்திய நிலையம் இருக்கிறது, மாணவ ஆலோசகர்கள் இருக்கிறார்கள், நாங்கள் இருக்கிறோம். அறையில் உங்களை யாராவது அவமதித்தால், பயமுறுத்தினால், பொறுத்துக்கொள்ளச் சொல்லி நாங்கள் சொல்லவில்லை. அந்த நாளே மாறுங்கள். ஒருவர் வேற்று மொழி பேசுகிறார் என்பதற்காக மட்டும் மாறாதீர்கள். நமது மொழி பேசுகிறார் என்பதற்காக மட்டும் எவரையும் நம்பவும் வேண்டாம்.

சில சிறிய விடயங்கள். பேராதனை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். மார்கழி, தை மாதங்களில் இரவு குளிரும், யாழ்ப்பாணத்துப் படுக்கை விரிப்பு போதாது, ஒரு கம்பளி வேண்டும். நல்ல குடை வேண்டும், ஏனென்றால் இங்கே மழை இரண்டு பருவத்திலும் பெய்யும். ஹந்தானைக்கு ஏறப் போனால் அட்டை கடிக்கும், சவர்க்காரம் பூசிக்கொண்டு போங்கள். காலைச் சாப்பாட்டை விட வேண்டாம். விடுதிப் பிள்ளைகளிடம் நாங்கள் அடிக்கடி காண்பது இரத்தசோகை. காலையில் ஒரு பணிஸ், தேநீர், மத்தியானம் ஒரு பார்சல் என்று ஓடினால் இரண்டாம் ஆண்டில் படியேற மூச்சு வாங்கும். கொதித்தாறிய நீரைக் குடியுங்கள். வெள்ளிக்கிழமைகளில் குறிஞ்சிக்குமரன் கோயிலுக்குப் போகலாம், பல்கலைக்கழகத்துத் தமிழ் மாணவர்கள் தாங்களே பேணிவரும் கோயில் அது. தமிழில் வாய்விட்டுக் கதைக்கவும், பொங்கலுக்குப் பொங்கவும் அங்கே இடம் உண்டு. ஒரு அறையில் சிங்களப் பிள்ளையோடு இருப்பதால் தமிழ் குறைந்துவிடாது. எங்களுக்குக் குறையவில்லை என்பதை இந்த உரையைக் கேட்கும் தமிழ் ரீச்சர் சொல்லட்டும்.

கடைசியாகச் சங்கத்துக்கு. நூற்றாண்டு நிதியை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, வேறு விதமாகச் செலவிடுவோம் என்கிறோம். பெறுபேறு வந்ததிலிருந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரை பிள்ளைகள் பல மாதங்கள் வீட்டில் காத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நமது கல்லூரியிலேயே பேச்சுச் சிங்கள வகுப்பு ஒன்றை நடத்துவோம். பாடப்புத்தகச் சிங்களம் வேண்டாம், பஸ்ஸிலும் கடையிலும் அறையிலும் பேசும் சிங்களம் போதும். மகாபொலக் கொடுப்பனவு முதல் நாளே கைக்கு வராது. கைச்செலவுக்கு இல்லாத பிள்ளைக்கு முதல் மூன்று மாதத்துக்கு ஒரு தொகை கொடுப்போம், திருப்பிக் கேட்காமல். பதிவுக்கு வரும் கிழமையில் பிள்ளையும் அம்மாவும் தங்க, கண்டியில் உள்ள எங்கள் வீடுகளைத் திறந்து வைக்கிறோம். எங்களில் பதினொரு பேர் இதற்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். இரவு எந்த நேரமும் எடுக்கக்கூடிய தொலைபேசி இலக்கங்களின் பட்டியலும் செயலாளரிடம் கொடுத்துவிட்டோம்.

வீடு வேண்டுமென்றால் அதற்கும் ஒரு காலம் இருக்கிறது. இடையில் உள்ள ஆண்டுகளில் பலருக்கு விடுதி கிடைப்பதில்லை. அப்போது கன்னொருவை, பெனிதெனியப் பக்கங்களில் கூடிய வாடகைக்கு, பூட்டில்லாத கதவுள்ள அறைகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள். உதவி வேண்டியது அவர்களுக்கு. அவர்களுக்காக ஒரு வீடு எடுப்போம். ஆனால் அதில் நமது கல்லூரிப் பிள்ளை ஒருத்தி இருந்தால், அவள் முதலாம் ஆண்டில் யாரோடு அறையில் இருந்தாளோ அவர்களையும் கூட்டிவர இடம் வைப்போம். எத்தனை கட்டில் போடுவது என்று தீர்மானிக்கும்போது அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். இந்த யோசனையை இன்று பின்னேரம் நடக்கும் பொதுக்கூட்டத்தில் எழுத்தில் சமர்ப்பிக்கிறோம். மறுப்பு இருந்தால் அங்கே சொல்லுங்கள், நாங்களும் கேட்க வேண்டும்.

அம்மாமாரே, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகிறோம் என்று நினைக்க வேண்டாம். எந்த விடுதி நல்லது என்றால், பட்டியலில் உங்கள் பிள்ளையின் பெயருக்கு நேரே வருகிற விடுதி நல்லது. அதை நல்லதாக்குவதில் பிள்ளைக்கு ஒரு பங்கு, அங்கே கூட இருக்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு, எங்களுக்கு ஒரு பங்கு. எங்கள் பங்கைச் செய்ய நாங்கள் ஆயத்தம்.